மனச்சோர்வு வந்தவருக்குக் கணக்குப் பார்க்கும்போது மூளையில் என்ன நடக்கிறது?

மனச்சோர்வு உள்ளவர் ஒரு கணக்கையோ வாசிப்பையோ செய்யும்போது அவருடைய மூளை வேறு மாதிரி இயங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம், இயங்கும். எனக்கு அது என் அக்காவால் தெரிய வந்தது.

கிளிநொச்சிப் பக்கம் ஒரு சங்கக்கடையில் அக்கா வேலை செய்தார். ஒரு கிலோ சீனி, அரைக் கிலோ பருப்பு, ஒரு போத்தல் தேங்காயெண்ணெய் என்று நாங்கள் சொல்லி வாய் மூட முதல் தொகையைச் சொல்லிவிடுவார். 2009இல் போர் முடிந்த பிறகு, மீள்குடியேறி வந்த வீட்டில், அதே மூன்று சாமானை நாலு தரம் கூட்டுவார். நாலு தரமும் வேறு வேறு விடை. "பஞ்சி பிடிச்சிட்டுது" என்று வீட்டில் சொன்னோம். நானும் சொன்னேன். அது இன்னும் நெஞ்சில் குத்துகிறது.

கிளினிக்கில் டொக்டர் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். 93, 86... அதற்குமேல் போகவில்லை. அக்காவின் நெற்றி வேர்த்துவிட்டது. பஞ்சிக்காரருக்கு வேர்க்குமா?

கணக்கைப் போலவே ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு செய்யும் வேலைகளை ஆய்வாளர்களும் கொடுத்துப் பார்ப்பார்கள். எழுத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டி, இரண்டுக்கு முந்தி வந்த எழுத்தே திரும்ப வந்தால் பொத்தானை அழுத்தச் சொல்லி, அந்த நேரம் மூளையின் எந்தப் பகுதி கூடுதலாக இயங்குகிறது என்று இரத்த ஓட்டத்தை வைத்துக் காட்டும் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுப்பார்கள். சில ஆய்வுகளில் மனச்சோர்வு உள்ளவர்கள் மற்றவர்கள் அளவுக்குச் சரியாகவே செய்தார்கள். ஆனால் அதற்கு அவர்களுடைய முன்மூளை (நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி) கூடுதலாக உழைக்க வேண்டியிருந்தது. ஒரே எழுத்தில் தொடங்கும் சொற்களை அடுக்கச் சொல்லும் சோதனைகளில் இதற்கு மாறாக, முன்மூளைக்குப் போகும் இரத்தம் வேண்டிய அளவுக்குக் கூடுவதில்லை. வேலையையும் நோயின் கடுமையையும் பொறுத்து இது மாறும்.

இன்னொன்றும் உண்டு. சும்மா இருக்கையில் நம்மைப் பற்றியும் பழையதைப் பற்றியும் யோசிக்கிற ஒரு வலையமைப்பு மூளையில் இருக்கிறது. வேலை தொடங்கியதும் அது அடங்க வேண்டும். மனச்சோர்வில் அது சரியாக அடங்குவதில்லை. அக்கா இதைத் தன் பாட்டில் சொல்லியிருந்தார்: "கூட்டத் தொடங்கினா, போன சனம் எல்லாம் நினைவில வந்து நிக்குதடா தம்பி."

குளிசை வேலை செய்யச் சில கிழமைகள் எடுத்தன. மனம் தெளிந்த பிறகும் கணக்கு உடனே திரும்பவில்லை; பலருக்கு அப்படித்தான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் கிளினிக்குக் கூட்டிப் போங்கள். இலங்கையின் மனநல உதவித் தொலைபேசி இலக்கமான 1926க்கு அழைத்தும் கதைக்கலாம்.

அக்கா இப்போது திரும்பவும் கடையில் நிற்கிறார். கொப்பியில் எழுதித்தான் கூட்டுகிறார். நாங்கள் அவசரப்படுத்துவதில்லை.