டாக்டரிடம் கேளுங்கள்: கட்டி இல்லை, தசைதான்!

கேள்வி: மாமோகிராம் படத்தில் மார்பெலும்பை ஒட்டி ஒரு திட்டு தெரிந்தது. பயந்துபோனேன். எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகு, "கட்டி இல்லை, கூடுதல் தசை" என்றார்கள். 48 வயதில் புதிதாகத் தசை முளைக்குமா டாக்டர்?

பதில்: முளைக்காது அம்மா. பிறந்த நாளிலிருந்தே உங்களோடு இருக்கிறது. இப்போதுதான் கண்ணில் பட்டது. அதன் பெயர் ஸ்டெர்னாலிஸ். பெரிய மார்புத் தசையின் மேல், மார்பெலும்பின் ஓரமாக நாடாபோல் மேலும் கீழுமாக ஓடும். சிலருக்கு ஒரு பக்கம், சிலருக்கு இருபுறமும், பெரும்பாலோருக்குக் கிடையாது. அதனால் என்ன பயன் என்று கேட்காதீர்கள், உடற்கூறு நூல்களே மழுப்புகின்றன!

மார்பகத்தை மேலிருந்து கீழாக அழுத்தி எடுக்கும் படத்தில், உட்புற ஓரத்தில்தான் இது தலைகாட்டும். சாய்வாக எடுக்கும் படத்தில் பெரும்பாலும் தெரியாது. ஒரு படத்தில் தெரிந்து, மற்றதில் தெரியாததைக் கட்டி என்றும் முடிவு கட்டக் கூடாது, தசை என்றும் ஊகிக்கக் கூடாது. எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னவர் சரியாகவே செய்திருக்கிறார்.

இதற்கு நேரெதிராக, மார்புத் தசையின் ஒரு பகுதியே இல்லாமல் பிறப்பவர்களும் உண்டு. லண்டனில் ஆல்ஃபிரட் போலந்து 1841-இல் விவரித்த குறைபாடு அது. பலருக்கு அதே பக்கக் கைவிரல்களும் ஒட்டியிருக்கும்.

உங்கள் தசைக்குச் சிகிச்சை தேவையில்லை. அடுத்த மாமோகிராமுக்குப் போகும்போது இந்த எம்.ஆர்.ஐ. அறிக்கையைக் கொண்டுபோங்கள். மார்பில் அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். புதிதாக ஏதேனும் கையில் தட்டுப்பட்டால் மட்டும், "அந்தத் தசைதான்" என்று இருந்துவிடாதீர்கள்.