எல்லாக் காவலோடும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். நான் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமச் சபையைச் சேர்ந்தவள். பள்ளி ஆசிரியை. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எங்கள் சபை ஒரே குடும்பமாக வேலை செய்தது. எங்கள் சர்ச் கோயில் வளாகத்திலேயே பொங்கி ஏரல் பக்கம் சாப்பாடு கொண்டுபோனோம். சாதி, மதம் எதையும் பார்க்கவில்லை. அதற்கப்புறம் வந்த சேகரத் (ஒரு போதகரின்கீழ் உள்ள சபைகளின்) தேர்தல் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது. கட்டட நிதிக் கணக்கைப் பார்த்தவர் என் கணவர். அதில் குளறுபடி இருப்பதாக ஓர் அம்மா சபை வாட்ஸ்அப் குழுவில் வாய்ஸ் மெசேஜ் போட்டார். கணக்கைத் தணிக்கை செய்தார்கள், ஒரு குறையும் இல்லை. ஆனால் இன்றுவரை யாரும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை.

நான் குழுவிலிருந்து வெளியேறிவிட்டேன். பாடகர் குழுவையும் விட்டுவிட்டேன். ஞாயிறு ஆராதனையை வீட்டில் யூடியூபில் பார்க்கிறேன், காணிக்கையை ஜிபேயில் அனுப்புகிறேன். “எல்லாக் காவலோடும் உன் இருதயத்தைக் காத்துக்கொள்” என்ற வசனத்தின்படிதான் நடக்கிறேன். இது பாவமா? திருமண்டலச் (பேராயரின்கீழ் உள்ள வட்டாரத்து) சண்டைகள் நீதிமன்றம்வரை போகும்போது ஐக்கியம் என்பதெல்லாம் வெறும் பேச்சுதானா? தினமும் வாசிக்க ஒரு நல்ல தியானப் புத்தகமும் சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் நீதிமொழிகள் நாலாம் அதிகாரத்தைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வசனத்தைச் சபைகளில் எப்படியெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்று எனக்குள் ஒரு கோபம் ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. உங்களுக்கு நடந்தது அநியாயம். கணக்கு பார்க்கிறவர்மேல் ஊர் அறியப் பழி போட்டுவிட்டு, கணக்கு சரி என்று தெரிந்தபிறகு வாய் மூடிக்கொள்வது கோழைத்தனம். உங்கள் கணவர் இரவில் தூங்கியிருக்க மாட்டார். அவர் சாப்பிடாமல் எழுந்த தட்டை எடுத்துக் கழுவியவர் நீங்கள். அந்த வலியைச் சின்னதாக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை.

சரி, இனி கொஞ்சம் கடிந்து பேச வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீதிமொழிகள் 4:23-ஐ எழுதிய கையோடு அடுத்த மூன்று வசனங்களையும் வாசித்தீர்களா? “வாயின் தாறுமாறுகளை உன்னைவிட்டு அகற்றி, உதடுகளின் மாறுபாட்டை உனக்குத் தூரப்படுத்து” என்று வருகிறது. அப்புறம் கண் நேராய் நோக்கட்டும் என்கிறது. அப்புறம் கால்நடையைச் சீர்தூக்கிப் பார்க்கச் சொல்கிறது. வாய், கண், கால் மூன்றும் உங்களுடையவை. அடுத்தவரைப் பற்றி அங்கே ஒரு சொல்கூடக் கிடையாது. காவல் போடச் சொன்னது உள்ளே இருந்து புறப்படுகிறதற்கு. ஜீவஊற்று அங்கிருந்து புறப்படுகிறது, அது கலங்கிவிடாமல் பார்த்துக்கொள் என்கிறான் தகப்பன் மகனிடம். மாற்கு ஏழில் இயேசுவும் இதைத்தான் சொல்கிறார்: வெளியிலிருந்து உள்ளே போகிற எதுவும் மனுஷனைத் தீட்டுப்படுத்தாது, இருதயத்திலிருந்து புறப்படுகிறதே தீட்டுப்படுத்தும். நீங்களோ வாசலைப் பூட்டி அந்த அம்மாவை வெளியே நிறுத்திவிட்டீர்கள். கசப்பு உங்களோடு உள்ளேயே உட்கார்ந்து யூடியூபில் ஆராதனை பார்க்கிறது.

அடிக்கிற கணவன், சீண்டுகிற ஆள், மிரட்டுகிற தலைவர் போன்றவர்களை விட்டுத் தள்ளிப் போவது வேறு விஷயம். அங்கே தள்ளிப் போகத்தான் வேண்டும், சட்டத்தையும் கூப்பிட வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. ஒரு பொய்யான வாய்ஸ் மெசேஜும், மன்னிப்புக் கேட்கக் கூசுகிற ஒரு பெண்ணும்தான் இருக்கிறார்கள்.

காணிக்கையை ஜிபேயில் அனுப்பலாம், அதில் ஒன்றுமில்லை. வழக்குகளைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அவற்றைச் சாக்காகச் சொல்லி வீட்டில் இருந்துகொள்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள், அதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஐக்கியம் வெறும் பேச்சா என்று கேட்டீர்கள். உங்கள் மாவட்டத்து வெள்ளாளன்விளையில் (அன்று அது திருநெல்வேலி ஜில்லா) 1874-இல் பிறந்த ஒருவர், வேதநாயகம் சாமுவேல் அசரியா, இதற்காகவே வாழ்ந்தார். இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த இந்திய ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். 1910-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் மேல்நாட்டு மிஷனரிகள் நிறைந்த மண்டபத்தில் எழுந்து, ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்திகளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரங்களைச் சுட்டெரிக்கக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று சொன்னார். பலருக்கு அது பிடிக்கவில்லை. பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்தவர்களிடம், ஆஸ்பத்திரி நடத்தியவர்களிடம், நீங்கள் எங்களோடு சமமாக உட்காருவதில்லை என்று ஒரு திருநெல்வேலிக்காரர் சொன்னால் எப்படிப் பிடிக்கும்?

உங்கள் கடிதத்தில் வெள்ளத்தைப் பற்றி வாசித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. முகம் தெரியாத ஏரல்காரர்களுக்கு விடிய விடியப் பொங்கிப் போட்ட கைகள், ஒரே வரிசையில் உட்காருகிற பெண்ணைத் தொட மாட்டேன் என்கின்றன. தெரியாதவர்களுக்குச் செய்கிற தயவு நல்லது, அது பரலோகத்தில் எழுதப்பட்டிருக்கும். ஆனால் “ஒருவருக்கொருவர் தயவாயும் மனஉருக்கமாயும் இருந்து” என்று பவுல் எபேசியருக்கு எழுதியது ஒரே சபையில் முட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு. தெரிந்தவர்கள்மேல் தயவு காட்டுவதுதான் கடினம், அவர்கள் சொன்னதெல்லாம் நமக்கு ஞாபகம் இருக்கிறது.

அசரியாவும் மற்றவர்களும் 1919-இல் தரங்கம்பாடியில் கூடி, சபைகள் ஒன்றாக வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். அப்படி ஒன்றான தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) பிறந்தது 1947 செப்டம்பர் 27, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில். நடுவில் 28 வருஷம். அசரியா அதைப் பார்க்கவில்லை, 1945 புத்தாண்டு அன்று இறந்துபோனார். பேராயரை ஏற்றுக்கொண்டவர்கள், பேராயரே வேண்டாம் என்றவர்கள் என்று எல்லோரையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவர அத்தனை காலம் பிடித்தது. அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். எந்தச் சபையின்மேலும் அதன் மனச்சாட்சிக்கு ஒவ்வாத ஆராதனை முறையையோ ஊழியரையோ திணிக்க மாட்டோம் என்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்தார்கள். சட்டத்தால் பிடித்து இழுக்காமல் நம்பிக்கையால் கட்டினார்கள். “அவர்களெல்லாரும் ஒன்றாயிருக்கவும்” என்ற ஆண்டவரின் ஜெபம்தான் அந்தத் திருச்சபையின் வாசகம். உங்கள் கோயில் நோட்டீஸ்களிலும் அது இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும். 1950-இல் திருச்சபை அப்பமும் ரசமும் பகிர்கிற தன் திருவிருந்து ஆராதனை முறையை எழுதியபோது, சமாதானம் கொடுப்பதைச் சேர்த்தார்கள். கேரளத்துச் சுரியானிக் கிறிஸ்தவர்களிடம் பழைய காலம் தொட்டு இருந்த வழக்கம் அது. பலிபீடத்திலிருந்து போதகர் ஐயர் கொடுக்க, வாங்கியவர் அடுத்தவருக்குக் கொடுக்க, வரிசை வரிசையாகக் கைக்குக் கை போகும். வலது உள்ளங்கையோடு வலது உள்ளங்கை, மேலே இடது கை. பிறகு மற்ற நாட்டுச் சபைகளும் இதைப் பார்த்துத் தங்கள் ஆராதனையில் சேர்த்துக்கொண்டன. கொரோனாவுக்குப் பிறகு நான் போன சில சபைகளில் நின்ற இடத்திலேயே கைகூப்பி முடித்துவிடுகிறார்கள். அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

ஏன் என்று சொல்கிறேன். எங்கள் தேரிக்காட்டு ஊரில் என் பெரியம்மாவுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒரு முருங்கை மரத்தில் சண்டை. மரம் பெரியம்மா மண்ணில் நின்றது, கிளை அந்தப் பக்கம். வாய்க்கு வந்ததெல்லாம் பேசி, அப்புறம் பேச்சே நின்றுபோனது. ஆனால் மாத முதல் ஞாயிறு திருவிருந்து. எங்கள் கோயிலில் பெண்கள் பாயில் உட்காருவார்கள், அவரவருக்கு இடம் உண்டு. பெரியம்மாவுக்கு அடுத்த இடம் அந்த அக்காவுடையது. பெரியம்மா இரண்டு மாதம் பின்னால் போய் உட்கார்ந்து பார்த்தார். சபையைக் கவனித்துக்கொள்கிற உபதேசியார் பார்த்துவிட்டார். பிரசங்கம் ஒன்றும் பண்ணவில்லை. “ஏட்டி, ஒன் எடத்துல இரி” என்றார், அவ்வளவுதான்.

சின்னப் பையனாக நான் பெரியம்மா மடியோரம் இருந்தேன். கை கொடுத்தார்கள். இருவரும் முகத்தைப் பார்க்கவில்லை. கொடுத்து முடித்ததும் பெரியம்மா சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். அடுத்த மாதமும் துடைத்தார். பிறகு எப்போது துடைப்பதை விட்டார் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் கடைசிவரை தோழிகள் ஆகவில்லை. முருங்கை மரம் புயலில் விழுந்துதான் போனது. ஆனால் வீட்டில் யாராவது அந்த அக்காவைப் பற்றி ஒரு சொல் தாழ்வாக ஆரம்பித்தால் பெரியம்மா விடமாட்டார். “பேசாதலே. முதல் ஞாயித்துக்கெழம அவ கையப் புடிக்கணும்லா” என்பார்.

எஸ்., இதுதான் இருதயத்துக்குக் காவல். அந்தக் கையைப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்திருந்ததால் மாதம் முழுக்கப் பெரியம்மாவின் நாக்கு அடங்கியிருந்தது. நாக்கு அடங்கியதால் மனசு புளிக்காமல் இருந்தது. மனசு சரியானபிறகு கை கொடுப்போம் என்று அவர் காத்திருந்திருந்தால் அந்த நாள் வந்திருக்காது. நீங்களும் அந்த நாளுக்குத்தான் காத்திருக்கிறீர்கள். மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் சொன்னதைப் பாருங்கள். காணிக்கை கொண்டுவந்த இடத்தில், உன்மேல் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்கிறார். யார்மேல் தப்பு என்று அங்கே விசாரணை இல்லை. யாருக்கு நினைவு வருகிறதோ அவர்தான் முதலில் எழுந்து போக வேண்டும். உங்களுக்கு நினைவு வந்துவிட்டது, அதனால்தான் எனக்குக் கடிதம் எழுதினீர்கள்.

யூடியூபில் பாட்டு கேட்கலாம், பிரசங்கம் கேட்கலாம். கை கொடுக்க முடியாது. அந்த ஒரே காரணத்துக்காக, உடம்புக்கு முடியாத நாள் தவிர, அதை ஆராதனை என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். படுக்கையில் இருக்கிற பெரியவர்களுக்கு அது கிருபை. முப்பது நாற்பது வயதில் நல்ல காலோடு இருக்கிற உங்களுக்கு அது ஒளிந்துகொள்கிற இடம். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, சொல்லத்தான் வேண்டும்.

தியானப் புத்தகம் கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு எதுவும் வேண்டாம். பிலிப்பியர் நாலாம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள். “எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம்” உங்கள் இருதயங்களைக் காத்துக்கொள்ளும் என்ற ஏழாம் வசனம் நம் வீட்டுச் சுவர்களில் காலண்டராகத் தொங்குகிறது. இரண்டாம் வசனத்தை யாரும் காலண்டரில் போடுவதில்லை. “எயோதியாளுக்கும் புத்திசொல்லுகிறேன், சிந்திகேயாளுக்கும் புத்திசொல்லுகிறேன்” என்கிறார் பவுல். சிறையிலிருந்து எழுதுகிறார், சபை முழுக்க உட்கார்ந்து கேட்கப்போகிறது, அதில் பேசாமல் இருக்கிற இரண்டு பெண்களின் பெயரைச் சொல்கிறார். சண்டை எதற்கு, யார் பக்கம் நியாயம், ஒன்றும் எழுதவில்லை. இருவரும் சுவிசேஷத்துக்காகத் தன்னோடு பாடுபட்டவர்கள் என்று மட்டும் மரியாதையாகச் சொல்கிறார். நடுவில் இருக்கிற ஒருவரிடம், இவர்களுக்கு உதவி செய் என்றும் கேட்டுக்கொள்கிறார். தேவசமாதானம் காக்கும் என்ற வாக்குத்தத்தம் ஐந்து வசனம் தள்ளி, அதே சபைக்கு, அதே இரண்டு பெண்களுக்கும் சேர்த்துத்தான் வருகிறது.

அந்த ‘நடுவில் இருக்கிற ஒருவர்’ உங்கள் சபையிலும் இருப்பார். ஐயராக இருக்க வேண்டியதில்லை. பெண்கள் ஐக்கியச் சங்கத்தில் வயதான ஓர் அம்மா, இரண்டு வீட்டிலும் காப்பி குடிக்கிறவர், அப்படி ஒருவரைப் பிடியுங்கள். நீங்கள் தனியாகப் போய் நின்றால் அந்த வாய்ஸ் மெசேஜ்தான் முதலில் பேச்சில் வரும். மன்னிப்புக் கேட்கச் சொல்லிப் போகாதீர்கள். கணக்கு சரியாக இருந்தது என்பதைச் சபையில் ஒருமுறை அறிவிக்கும்படி சேகரக் கமிட்டியிடம் எழுத்தில் கேளுங்கள். அது உங்கள் கணவருக்குச் சேர வேண்டிய நியாயம், கிறிஸ்தவர் என்பதற்காக அதை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. அது ஒரு வேலை. அந்த அம்மாவுக்குக் கை கொடுப்பது இன்னொரு வேலை. முதலாவது முடியும்வரை இரண்டாவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

பாடகர் குழுவுக்கும் திரும்பிப் போங்கள். ஆல்ட்டோ பாட ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

அன்புடன்.