ஒரு தேடல் பக்கம் போதும்

பைத்தான் படித்து முடித்துவிட்டேன், நேர்காணலுக்கு எந்தப் புராஜெக்டைக் கொண்டுபோவது என்று கேட்டிருக்கிறீர்கள். சாட்பாட் வேண்டாம், எல்லோரும் அதைத்தான் கொண்டுவருகிறார்கள். புத்தகப் பட்டியலுக்கு ஐந்து வடிகட்டிகள் உள்ள ஒரு தேடல் பக்கம் எழுதுங்கள். பயனர் நிரப்பிய கட்டங்களுக்கு மட்டும் நிபந்தனை சேர வேண்டும்.

வடிகட்டிகளின் ஒவ்வொரு சேர்க்கைக்கும் தனி வினவல் (தரவுத்தளத்திடம் தரவைக் கேட்கும் கட்டளை) எழுதப் புகுந்தால் ஐந்து வடிகட்டிகளுக்கே 32 வரும். அதற்குப் பதில் நிபந்தனைகளை ஒரு பட்டியலிலும் மதிப்புகளை இன்னொரு பட்டியலிலும் சேர்த்துக்கொண்டே போய், கடைசியில் 'ஆண்ட்' (AND) போட்டு இணையுங்கள். பட்டியல் காலி என்றால் வினவலில் நிபந்தனைகளைச் சொல்லும் 'வேர்' (WHERE) பகுதியே தேவையில்லை. பைத்தானின் வலைச் சட்டகமான ஜாங்கோவில் ஃபில்டரின் மேல் ஃபில்டராக அடுக்கலாம். முடிவுகளைக் கேட்கும்வரை அது தரவுத்தளத்தைத் தொடாது.

விவரம் தெரிந்த தேர்வாளரின் கண் போகும் இடம் வேறு. குறைந்தபட்ச விலை 0 என்று பயனர் கொடுத்தால் என்ன ஆகும்? வெறும் 'இஃப்' வைத்துச் சோதித்தால் பைத்தான் சுழியத்தைப் பொய்யாகக் கொள்ளும். நிபந்தனை சத்தமில்லாமல் விடுபடும். குறைந்தபட்ச விலையில் அது வெளியே தெரியாமல் போகலாம். அதிகபட்ச விலை 0 என்று இலவச நூல்களைத் தேடியவருக்கோ மொத்தப் பட்டியலும் வந்து நிற்கும். மதிப்பு 'நன்' (None, அதாவது மதிப்பே தரப்படவில்லை) தானா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். 'கையிருப்பில் உண்டா' என்ற வடிகட்டியில் 'ஃபால்ஸ்' (False, இல்லை) வந்தாலும் இதே கதிதான். படிவத்திலிருந்து வரும் வெற்றுச் சரத்தை மட்டும் நுழைவாயிலிலேயே 'நன்' ஆக்கிவிடுங்கள்.

மதிப்புகளை எஃப்-சரத்தில் (மதிப்பை உரைக்குள்ளேயே செருகும் பைத்தான் வசதி) ஒட்டவே ஒட்டாதீர்கள். பயனர் தட்டச்சிடுவது தரவுத்தளக் கட்டளையாகவே ஓடிவிடும் எஸ்க்யூஎல் ஊடுருவலுக்கு அது திறந்த கதவு. எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் மதிப்பு வர வேண்டிய இடத்தில் கேள்விக்குறி வைத்து மதிப்பைத் தனியே அனுப்புங்கள். ஆனால் வரிசைப்படுத்தும் நெடுவரிசையின் பெயரை அப்படி அனுப்ப முடியாது. அனுமதித்த பெயர்களின் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே அதைச் சேர்க்க வேண்டும். இந்த வேறுபாட்டைத் தடுமாறாமல் விளக்கும் மாணவரைச் சான்றிதழ்க் கட்டோடு வருபவரைவிட நான் மேலாக மதிப்பேன்.

நிபந்தனைகளைச் சேர்க்கும் இதே செயற்கூற்றை (function) தரவை அழிக்கும் வினவலுக்கும் பயன்படுத்தலாமா என்று கேட்டாலும் கேட்பார்கள். வடிகட்டி எதுவும் இல்லாமல் அழைத்தால் அட்டவணையின் எல்லா வரிசைகளும் அழிந்துவிடும். அதனால் அங்கே காலிப் பட்டியல் வந்தால் பிழை எழுப்ப வேண்டும் என்று சொல்லுங்கள். வடிகட்டியே இல்லாத தேடல், சுழியம், பெயருக்குள் ஒற்றை மேற்கோள் குறி ஆகிய மூன்றுக்கும் சோதனை எழுதி, நிரலோடு சேர்த்தே காட்டுங்கள்.