கார்டு தேய்த்தால் ரெண்டு பர்சென்ட் சேருமா? கேள்வி பதில்

ஒரு தனியார் வங்கியில், கடைகளுக்கு ஸ்வைப்பிங் மெஷின் கொடுக்கும் பிரிவில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தேன். ஈரோடு, திருப்பூர், கரூர் என்று கடைகடையாக ஏறி இறங்கியிருக்கிறேன். கவுண்டருக்கு இரண்டு பக்கமும் நிற்கிறவர்களின் கஷ்டம் தெரியும். அந்த அனுபவத்தை வைத்துத்தான் பதில் சொல்கிறேன்.

சென்னையிலிருந்து: அக்கா, ரிச்சி தெருவில் 28,000 ரூபாய்க்கு ஒரு போன் பேசி முடித்தேன். கிரெடிட் கார்டை நீட்டியதும் "2% சேரும்" என்கிறார்கள். கொடுக்கலாமா, ரொக்கமாகவே கொடுத்துவிடலாமா?

தம்பி, முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 2% என்றால் 560 ரூபாய். உங்கள் கார்டில் 1% திரும்பக் கிடைக்கும் என்று வைத்தாலும் வருவது 280தான். மீதி 280 கையை விட்டுப் போகிறது. வட்டியில்லாத் தவணை, வங்கித் தள்ளுபடி என்று ஏதாவது இருந்து அது 560ஐத் தாண்டினால் மட்டும் கார்டைத் தேய்க்கலாம்.

நாங்கள் கடைக்காரர்களிடம் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தங்களில், கார்டுக்காகக் கூடுதல் பணம் வாங்கக் கூடாது என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்துப் பார்த்த கடைக்காரரை நான் கண்டதில்லை. அதனால் அந்த 2%ஐப் பேசிக் குறைக்கத் தயங்காதீர்கள். அப்படியும் கொடுக்க வேண்டி வந்தால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மெஷின் சீட்டில் 28,560 இருக்கும், பில்லில் 28,000தான் இருக்கும். நாளைக்குப் பொருளைத் திருப்பினால் பில் தொகைதான் கைக்கு வரும். முழுத் தொகைக்கும் பில் போடச் சொல்லுங்கள். சீட்டையும் பத்திரமாக வையுங்கள்.

ரொக்கமாகக் கொடுப்பதில் தப்பில்லை. "பில் வேண்டாம்னா இன்னும் குறைச்சுத் தரேன்" என்று சொன்னால் மட்டும் வெளியே வந்துவிடுங்கள். அவர் குறைப்பது அரசுக்குச் சேர வேண்டிய 18% ஜிஎஸ்டியிலிருந்து. போன் பழுதானால் வாரண்டி கேட்கப் பில் இல்லாமல் நிற்கப்போவது நீங்கள். செலவே இல்லாத வழி, வங்கிக் கணக்கிலிருந்து யூபிஐ.

மதுரையிலிருந்து: அம்மாவின் பென்ஷன் கணக்கு டெபிட் கார்டுக்கு மருந்துக்கடையில் 2% பிடித்தார்கள். இது சரியா மேடம்?

சரியே இல்லை. டெபிட் கார்டுக்கு வாடிக்கையாளரிடம் கூடுதல் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. கார்டு தேய்ப்பதற்காகக் கடை வங்கிக்குக் கொடுக்கும் கட்டணத்துக்கும் உச்சவரம்பு இருக்கிறது. 2018 ஜனவரி முதல், வருட விற்பனை 20 லட்சம் வரை உள்ள கடைக்கு மெஷினில் 0.40%, அதற்கு மேற்பட்ட கடைக்கு 0.90%. ரூபே டெபிட் கார்டு என்றால் 2020 ஜனவரி முதல் கடைக்குக் கட்டணமே கிடையாது. அப்புறம் எந்த 2%ஐ உங்கள் அம்மா தலையில் கட்டுகிறார்கள்? மாத்திரைக்குக் கணக்குப் பார்த்து வாங்குகிற வயதானவர்களிடம் இப்படிப் பிடிப்பதைக் கேட்டாலே எனக்கு மனசு ஆறாது.

மெஷின் சீட்டின் மேலே ஒரு வங்கியின் பெயர் இருக்கும். மெஷின் கொடுத்தது அந்த வங்கி. பில், சீட்டு இரண்டையும் படமெடுத்து அவர்களுக்குப் புகார் அனுப்புங்கள். நுகர்வோர் உதவி எண் 1915க்கும் சொல்லலாம்.

ஈரோட்டிலிருந்து: ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். எல்லோரும் எங்களையே குறை சொல்கிறீர்கள். நூற்றுக்கு எட்டு ரூபாய் லாபத்தில் இரண்டு ரூபாயை வங்கிக்கு அழுதால் நான் என்ன செய்வது?

அண்ணா, உங்கள் கோபம் நியாயமானது. ஆயிரம் ரூபாய் சேலைக்குக் கிரெடிட் கார்டு தேய்த்தால் 20 ரூபாய் கட்டணம். உங்கள் கணக்கில் விழுவது 980. அந்த இருபதில் பெரும்பங்கு கார்டு கொடுத்த வங்கிக்குப் போகும். மீதியை விசா, மாஸ்டர்கார்டு போன்ற நிறுவனமும் மெஷின் கொடுத்த வங்கியும் பிரித்துக்கொள்ளும். வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் ரிவார்டு பாயின்ட்டே உங்கள் கல்லாவிலிருந்துதான் கிளம்புகிறது. டெபிட் கார்டுக்கு வைத்ததுபோல் கிரெடிட் கார்டுக்கு ரிசர்வ் வங்கி உச்சவரம்பு வைக்கவில்லை. அதனால் பேசி வாங்குவதுதான் ரேட். மூன்று வருடமாக ஒரே ரேட்டில் இருந்தால் வேறு வங்கியின் ரேட்டைக் காட்டிப் பேசுங்கள், குறைப்பார்கள். நானே குறைத்துக் கொடுத்திருக்கிறேன். மாதக் கணக்கு ஸ்டேட்மென்டில் டெபிட் கார்டுக்குப் பிடித்ததைத் தனியாகப் பாருங்கள், வரம்புக்கு மேல் பிடித்திருந்தால் திருப்பிக் கேளுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் தேய்த்தால் கட்டணத்தின் மேல் 18% ஜிஎஸ்டியும் உண்டு, அதை உள்ளீட்டு வரியாக (நீங்கள் அரசுக்குக் கட்டும் ஜிஎஸ்டியில் கழித்து) எடுக்கச் சொல்லி ஆடிட்டரிடம் சொல்லுங்கள்.

ரொக்கத்துக்கும் செலவு உண்டு. எண்ண ஆள், கள்ளநோட்டு, கரன்ட் அக்கவுன்டில் அளவுக்கு மேல் கட்டினால் வங்கி பிடிக்கும் கட்டணம், ராத்திரி பணப்பையோடு வீட்டுக்குப் போகும் பயம்.

ஒன்று மட்டும் வேண்டிக் கேட்கிறேன். துணியெல்லாம் மடித்துப் பையில் போட்ட பிறகு "கார்டா? எக்ஸ்ட்ரா ஆகும்" என்று சொல்லாதீர்கள். "ரொக்கம், யூபிஐக்கு இவ்வளவு தள்ளுபடி" என்று வாசலிலேயே போர்டு வைத்துவிடுங்கள். அதே இரண்டு ரூபாய்தான், ஆனால் ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணம் யாருக்கும் வராது.

திருச்சியிலிருந்து: பெட்ரோல் பங்கில் பிடிக்கும் 1% திரும்ப வரும் என்கிறார்களே?

பல கார்டுகளில் வரும், கார்டு வங்கி சொன்ன குறைந்தபட்சத் தொகைக்காவது பெட்ரோல் போட்டால். ஆயிரம் ரூபாய்க்கு 10 ரூபாயும் அதன் மேல் 1.80 ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள். பத்து திரும்பும், 1.80 பொதுவாகத் திரும்பாது.

நாகர்கோவிலிலிருந்து: மகள் கல்யாணத்துக்கு 2,40,000 ரூபாய்க்கு நகை. கார்டுக்கு 2% கேட்கிறார்கள். ரொக்கம் என்றால் இரண்டு பில்லாகப் போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். செய்யலாமா அம்மா?

வேண்டாம் ஐயா. ஒரே நாளிலோ, ஒரே வியாபாரத்துக்கோ, ஒரே விசேஷத்துக்கோ ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது 2017 ஏப்ரல் முதல் சட்டம். ரொக்கம் வாங்கிய கடைக்காரருக்கு அதே தொகை அபராதம். பில்லை இரண்டாகக் கிழித்தாலும் கல்யாணம் ஒன்றுதானே. கார்டுக்கு 4,800 ரூபாய் தண்டம் கட்டவும் தேவையில்லை. சேமிப்புக் கணக்கிலிருந்து இணையவழியில் நெஃப்ட் அனுப்பக் கட்டணம் கிடையாது. அரை மணிக்கு ஒரு தரம் பணம் போய்ச் சேரும், ஞாயிற்றுக்கிழமையும்கூட. கடையில் ஒரு காப்பி குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.

லண்டனிலிருந்து: இங்கே ஒரு தமிழ்க் கடையில் கார்டுக்கு 50 பென்ஸ் அதிகம் வாங்குகிறார்கள். ஊர்ப் பழக்கமா?

பிரிட்டனில் 2018 ஜனவரி 13 முதல் தனிநபர் கார்டுகளுக்கு அப்படி வாங்கத் தடை. "5 பவுண்டுக்குக் குறைந்தால் கார்டு இல்லை" என்று சொல்ல மட்டும் கடைக்கு உரிமை உண்டு. மெதுவாக எடுத்துச் சொல்லிப் பாருங்கள்.

திருப்பூரிலிருந்து: அக்கா, தெரிந்த கடையில் கார்டைத் தேய்த்து, 2.5% கழித்துக்கொண்டு ரொக்கம் கொடுத்தார்கள். 50,000 எடுத்தேன். பன்னிரண்டு நாளில் கட்ட வேண்டும், கையில் இல்லை.

தம்பி, 1,250 ரூபாய் ஏற்கெனவே போய்விட்டது. இப்படித் தேய்ப்பது கார்டு விதிக்கு மாறானது, இதற்காகவே நாங்கள் மெஷினைப் பிடுங்கிய கடைகள் உண்டு. இன்னொரு கார்டைத் தேய்த்து இதை அடைக்கலாம் என்று அந்தக் கடைக்காரரே சொல்வார். கேட்காதீர்கள். அப்படி ஆரம்பித்து நான்கு கார்டு வரை போன ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும், கடைசியில் வீட்டை விற்றார்கள். நிலுவைக்கு மாதம் 3.5% வட்டி என்றால் 1,750 ரூபாய், ஜிஎஸ்டி தனி. வருடத்துக்கு 42% ஆகிறது.

வீட்டில் நகை இருந்தால் பொதுத்துறை வங்கியில் அடகு வையுங்கள், வட்டி இதில் கால்வாசிதான் வரும். இல்லையென்றால் கார்டு வங்கிக்குப் போன் செய்து அந்த 50,000ஐத் தவணையாக மாற்றித் தரச் சொல்லுங்கள், அதற்கும் வட்டி குறைவு. பன்னிரண்டாம் நாள் வரை காத்திருக்காமல் இன்றைக்கே பேசிவிடுங்கள்.