பையனின் கோல்ஃபுக்காக அமெரிக்கா போக வேண்டுமா?

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இது. மெல்பர்ன் வந்து நாலு மாதம் ஆகிறது. பன்னிரண்டு வயதுப் பையன் கோல்ஃபே கதி என்று கிடக்கிறான். "பெரிய ஆளாக வரணும்னா அமெரிக்காதான், இங்கே இருந்து ஒன்றும் ஆகாது" என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லிவிட்டார். வீட்டில் மறுபடி பெட்டி கட்டும் பேச்சு ஓடுகிறது. என் பதில், இப்போதைக்குப் பெட்டி கட்டாதீர்கள் என்பதுதான். ஆனாலும் அவர் சொன்னதில் பாதி உண்மை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் இங்கே வந்து பதினெட்டு வருடம். சென்னையில் இருந்தவரை கோல்ஃப் என்றால் எனக்கு நந்தனம் வழியாக பஸ்ஸில் போகும்போது கண்ணில் படும் மதில்தான். இந்த ஆட்டத்தின் மேல் இந்த ஊருக்கு எவ்வளவு பிரியம் என்று புரிந்தது 2013 ஏப்ரலில், ஒரு திங்கட்கிழமை காலையில். ஆபீஸில் டிவி முன்னால் கூட்டம். அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தில் மழை தூறிக்கொண்டிருந்தது. ஆடம் ஸ்காட் கடைசிப் பந்தைக் குழிக்குள் தட்டி, அங்கே வருடாவருடம் நடக்கும் மாஸ்டர்ஸ் போட்டியை ஜெயித்தார். அதுவரை எந்த ஆஸ்திரேலியரும் அதை ஜெயித்ததில்லை. என் பக்கத்தில் நின்றவர், ஓய்வு பெறப்போகிற வயது, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். 1996 மாஸ்டர்ஸில் ஆஸ்திரேலியரான கிரெக் நார்மன் ஆறு ஸ்ட்ரோக் (பந்தை அடித்த எண்ணிக்கை, குறைவாக அடித்தவரே முன்னால்) முன்னிலையோடு கடைசி நாளில் இறங்கி, நிக் ஃபால்டோவிடம் தோற்றதையும் இதேபோல ஒரு திங்கட்கிழமை காலையில்தான் பார்த்தாராம்.

அந்தத் திங்கட்கிழமையில்தான் உங்கள் கேள்வியே இருக்கிறது. ஆண்கள் கோல்ஃபில் நான்கு பெரிய போட்டிகள். மாஸ்டர்ஸ், பிஜிஏ சாம்பியன்ஷிப், யுஎஸ் ஓப்பன் மூன்றும் ஒவ்வொரு வருடமும் அமெரிக்காவில். நான்காவது பிரிட்டிஷ் மண்ணில். அங்கே ஞாயிறு சாயங்காலம் என்றால் நமக்குத் திங்கள் விடிந்திருக்கும், இல்லை விடியப்போகும். பெண்களுக்கு ஐந்து. மூன்று அமெரிக்கா, ஒன்று பிரான்ஸ், ஒன்று பிரிட்டன். இங்கே ஒன்றுகூட நடந்ததில்லை.

மைதானம் இல்லாமலா? அதுதான் எனக்கு ஆறாத வருத்தம். 1926இல் மெல்பர்ன் வந்து ராயல் மெல்பர்ன் மேற்கு மைதானத்துக்கு வடிவம் கொடுத்த அலிஸ்டர் மெக்கன்சிதான், பிறகு அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸோடு சேர்ந்து அகஸ்டாவையும் அமைத்தார். ஒரே மனிதரின் கை. ஒன்றை உலகமே வருடாவருடம் பார்க்கிறது, மற்றதை எப்போதாவதுதான் பார்க்கிறது.

பணமும் புள்ளியும் சேர்ந்து செய்கிற வேலை இது. அமெரிக்காவில் நடக்கும் பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப்பின் பரிசுத்தொகை 2.5 கோடி அமெரிக்க டாலர். இங்கே நடக்கும் ஆஸ்திரேலிய ஓப்பன் கோல்ஃப் போட்டியில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உலகத் தரவரிசைப் புள்ளியோ, யார் யார் ஆடுகிறார்கள் என்பதைப் பொறுத்து ஏறும், இறங்கும். நல்ல ஆட்டக்காரர்கள் அமெரிக்காவில் கூடுவதால் அங்கே புள்ளி அதிகம். புள்ளி அங்கே அதிகம் என்பதால் இங்கிருப்பவர்களும் அங்கே போகிறார்கள். வருடக் கடைசியில் உலகின் முதல் ஐம்பதுக்குள் இருந்தால் மாஸ்டர்ஸுக்கு அழைப்பு வரும். அந்த ஐம்பதுக்குள் இங்கேயே ஆடி நுழைவது மிகக் கஷ்டம்.

இதை ஒரே பக்கத்து அநியாயம் என்றும் சொல்லிவிட முடியாது. முன்பு சின்ன டூர்களுக்கு, அதாவது சிறிய போட்டித் தொடர்களுக்கு, குறைந்தபட்சப் புள்ளி என்று ஒன்று உறுதியாகக் கிடைத்தது. அதனால் அமெரிக்க டூர் ஆட்டக்காரர்கள்தான் நஷ்டப்படுகிறார்கள் என்று மார்க் பிராடி, ரிச்சர்ட் ரெண்டில்மேன் என்ற இரண்டு பேராசிரியர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 2022 ஆகஸ்டில் கணக்கிடும் முறை மாறியது. அந்த உறுதியும் போனது. கணக்காகப் பார்த்தால் புதிய முறை சரியாக இருக்கலாம். ஆனால் ஜப்பானிலும் இங்கேயும் ஆடுகிற இளைஞனுக்கு ஏணி இன்னும் உயரமாகிவிட்டது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

அப்புறம் ஏன் போக வேண்டாம் என்கிறேன்? பன்னிரண்டு வயதில் புள்ளி தேவையில்லை, மண்தான் தேவை. மெல்பர்னின் தென்கிழக்கே மணற்பாங்கான பூமி. மழைநீர் உடனே இறங்கிவிடும், தரை கெட்டியாக இருக்கும், பந்து விழுந்த இடத்தில் நிற்காது. என் மகள் ஒருமுறை கொடிக்கு ரெண்டடி தள்ளிப் பந்தை அழகாக இறக்கினாள். கைதட்டப் போனேன். பந்து மெதுவாக நகர்ந்து, சரிவைப் பிடித்து, பதினைந்தடி தாண்டி மணல் குழிக்குள் போய் உட்கார்ந்தது. "கொடியைப் பார்க்காதே, சரிவைப் பார்" என்றார் பயிற்சியாளர். இந்தப் பாடம் இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிற ஊர்கள் குறைவு. அதற்கு ராயல் மெல்பர்னில் உறுப்பினராகவும் வேண்டாம். சாலைக்கு எதிர்ப்பக்கம் சாண்ட்ரிங்காமில் பொது மைதானம் இருக்கிறது. காசு கட்டி யாரும் ஆடலாம். தேசியப் பயிற்சி மையமும் அங்கேதான்.

பெர்த்தின் மின்ஜி லீ, மின் வூ லீ கதையைப் பையனுக்குச் சொல்லுங்கள். கொரியாவிலிருந்து குடியேறிய குடும்பம். அம்மா கோல்ஃப் சொல்லிக்கொடுத்தவர். இங்கேயே வளர்ந்த அக்கா 2012இல் அமெரிக்க ஜூனியர் பெண்கள் பட்டத்தையும், தம்பி 2016இல் ஜூனியர் ஆண்கள் பட்டத்தையும் ஜெயித்தார்கள். அதற்காகக் குடும்பம் அமெரிக்காவுக்குக் குடிபெயரவில்லை. அக்கா கையில் இப்போது மூன்று பெரிய பட்டங்கள்.

கதவும் கொஞ்சம் திறந்திருக்கிறது. ஆஸ்திரேலிய ஓப்பனை ஜெயிப்பவருக்கு மாஸ்டர்ஸில் நேரடி இடம் என்று 2025இல் அகஸ்டா அறிவித்தது. அந்த டிசம்பரில் அந்த ஓப்பனில் ஆட, வட அயர்லாந்தின் நட்சத்திர ஆட்டக்காரர் ரோரி மெக்கல்ராய் ராயல் மெல்பர்னுக்கு வந்தார். கயிற்றோரம் நிற்க இடமில்லாத கூட்டம். டென்மார்க்கின் ராஸ்முஸ் நீர்கார்ட்-பீட்டர்சன் ஒரே ஸ்ட்ரோக்கில் ஆஸ்திரேலியாவின் கேமரன் ஸ்மித்தை முந்தி அந்த இடத்தைப் பிடித்தார்.

பையனுக்குப் பதினேழு ஆகட்டும். அப்போதும் இதே வெறி இருந்தால் அமெரிக்கப் பல்கலைக்கழக ஸ்காலர்ஷிப்புக்கு முயலலாம். அவன் மட்டும் போனால் போதும். அதுவரை சனிக்கிழமை காலையில் சாண்ட்ரிங்காமுக்குக் கூட்டி வாருங்கள், நானும் மகளும் ஏழு மணிக்கு அங்கே இருப்போம். தொப்பி மறக்க வேண்டாம், இந்த ஊர் வெயில் தோலை உரித்துவிடும்.