கூட்டுத்தொகை ஏன் குறைகிறது?

கேள்வி: எங்கள் மகளிர் குழுவில் 20 பேர் மாதம் ரூ.200 சந்தா கட்டுகிறோம். எக்செல்லில் பதிந்து ‘=சம்(சி2:சி21)’ என்று கொடுத்தால் 4,000 வராமல் 3,400 வருகிறது. சூத்திரம் தவறா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: சூத்திரம் சரிதான், பதிவில்தான் கோளாறு. குறைவது 600 என்பதால், மூன்று கட்டங்களில் வெறும் எண்ணுக்குப் பதிலாக ‘200 ரூ.’ என்று தட்டச்சு செய்திருப்பீர்கள் என்றே தோன்றுகிறது. எண்ணோடு எழுத்து சேர்ந்துவிட்டால் எக்செல் அதைச் சொல்லாகவே கருதும். ‘சம்’ அத்தகைய கட்டங்களைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். அதையே ‘=சி2+சி3’ என்று கூட்டல் குறியிட்டுக் கூட்டியிருந்தால் ‘#வேல்யூ!’ என்ற பிழைச்செய்தியாவது வந்திருக்கும். கணக்கு எழுதுபவருக்கு அந்தக் கூச்சலே மேல் என்பேன்.

சி வரிசையை மேலிருந்து பாருங்கள். நீங்களாக மாற்றாதவரை எண்கள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டியும் சொற்கள் இடப்பக்கம் ஒட்டியும் நிற்கும் என்பதால், இடப்பக்கம் ஒதுங்கியிருப்பவை கண்ணில் பட்டுவிடும். அவற்றில் 200 என்று மட்டும் மறுபடி பதியுங்கள். ரூபாய்க் குறி வேண்டுமென்றால், கன்ட்ரோல் விசையோடு 1-ஐ அழுத்தி, வரும் பெட்டியில் ‘கரன்சி’ வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். குறி கண்ணுக்குத் தெரியும், உள்ளே எண் எண்ணாகவே இருக்கும்.