சர்க்கரை நோயும் ஊர்ப்பேச்சும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அலுவலகத்தில் யாருக்கும் தெரியக் கூடாதென்று மதிய இன்சுலினைப் பல நாள் விட்டுவிடுகிறேன். மாலையில் சேர்த்துப் போட்டால் சரியாகிவிடுமா?

ஆகாது. உடனடியாக வேலை செய்யும் இன்சுலினைப் பொதுவாகச் சாப்பாட்டுக்கு 10–15 நிமிடம் முன்பு போட வேண்டும். மதியம் விட்டால் மாலைவரை சர்க்கரை ஏறியே இருக்கும். மாலையில் அதை ஈடுகட்டி, இரவு உணவுக்கும் போட்டால் இரண்டும் சேர்ந்து வேலை செய்து தாழ்சர்க்கரை (சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைவது) வந்துவிடலாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து, விட்ட ஊசிகளை மருத்துவரிடம் மறைப்பது. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி கூடியிருப்பதைப் பார்த்து அவர் இன்சுலின் அளவை ஏற்றுவார். என்றைக்காவது அந்த அளவை ஒழுங்காகப் போட்டுக்கொண்டால் அன்றே சர்க்கரை சரிந்துவிடலாம். "வாரத்தில் மூன்று மதியம் போடுவதில்லை, கூச்சமாக இருக்கிறது" என்று அப்படியே சொல்லுங்கள். மருந்தின் வகையையோ நேரத்தையோ மாற்ற முடியுமா என்று அவர் பார்ப்பார்.

அலுவலகத்தில் எல்லோருக்கும் சொல்லத் தேவையில்லை. நம்பகமான ஒருவர் போதும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் கண்டால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரிந்திருக்கட்டும். சர்க்கரை 70 மி.கி./டெ.லி.-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபரிசோதனை. நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

கேள்வி: பிறர் குத்திப் பேசினாலே சர்க்கரை ஏறுமா?

ஏறலாம். மன அழுத்தத்தில் சுரக்கும் அட்ரினலினும் கார்டிசாலும் கல்லீரலிலிருந்து குளுக்கோஸை வெளியே தள்ளும். இன்சுலின் வேலை செய்வதையும் மட்டுப்படுத்தும். ஆனால் அந்தப் பேச்சுக்குப் பயந்து பரிசோதனையைத் தள்ளிப்போடுவதும் மாத்திரையை ஒளித்துவைப்பதும்தான் அதிகம் கெடுக்கும் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: டைப் 2-க்கு இன்சுலின் ஆரம்பித்தால் நான் கட்டுப்பாடாக இல்லை என்றுதானே பொருள்?

இல்லவே இல்லை. ஆண்டுகள் செல்லச் செல்லக் கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்கள் தளர்வது இந்நோயின் இயல்பு. சொன்னபடி நடந்தவர்களுக்கும் ஒரு கட்டத்தில் இன்சுலின் தேவைப்படலாம்.

கேள்வி: இந்த நோயே சலித்துவிட்டது. இது மனச்சோர்வா?

ஊசி, உணவு, பரிசோதனை பற்றி மட்டும் வெறுப்பு என்றால், அது பெரும்பாலும் நோய்ச்சுமையால் வரும் வேதனை. சிகிச்சையை எளிதாக்கினாலே பலருக்குத் தணியும். எதிலும் நாட்டமில்லாமை, தூக்கக்கேடு, தன்னை வெறுத்தல் இவையெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற எண்ணமோ, வேண்டுமென்றே இன்சுலினைக் கூட்டிப் போடும் எண்ணமோ வந்தால் அன்றே அவசர உதவி தேவை. அதுவரை ஊசிமருந்து இன்னொருவர் கையில் இருக்கட்டும். வேளைக்கு வேளை அவரே அளந்து கொடுக்கட்டும்.